இரண்டாவது அடியில் வெடித்தது

ஆர்டிஸ் ஹோவ்லண்ட் வெண்டலின் துப்பாக்கிக் கடைக்குள் வந்தபோது அவள் கையில் ஒரு காபி டப்பா இருந்தது. சுட்டு முடித்து, கழுவி, காயவைத்த தோட்டாக் கூடுகள் அதில் நாற்பது. கூட்டின் அடியில் பிரைமர் பதிக்கும் கருவியைக் கண்ணால் பார்த்து வாங்க முடியாது. செருப்புக் கடைக்குக் காலைக் கொண்டுபோவது போல, சொந்தக் கூட்டைக் கொண்டுபோய்ப் பதித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது அவள் கட்சி.

கடையில் வேறு ஆள் இல்லை. மார்ச் மாதப் பனி உருகிச் சேறாகி, வாசலில் நின்ற வண்டிகளின் இடுப்பு வரை அப்பியிருந்தது.

"மெர்ல் ஒரு நிபந்தனை போட்டிருக்கான்," என்றாள். "என் கையை நம்பாத கருவியாப் பார்த்து வாங்கணுமாம். அப்பதான் இந்த வருஷம் அவனுக்கு நான் தோட்டா கட்டலாமாம்."

வெண்டல் கண்ணாடி அலமாரியின் பூட்டைத் திறந்தான்.

மெர்ல் அவள் கணவன். ஆயிரம் கஜத் தூரத்துக் குறியைச் சுடுகிறவன். சுட்ட கூட்டில் புதுப் பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்கி, அவன் சுடும் ஒவ்வொன்றையும் இருபத்தாறு வருடங்களாகக் கட்டிக் கொடுத்தவள் ஆர்டிஸ். கோப்பைகளில் அவன் பெயர்தான் இருக்கும். குறித்தாளில் துளைகள் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கி வந்தால், அது தன் கையெழுத்து என்று அவளுக்குத் தெரியும். அதுவே போதும் என்று இருந்தாள்.

போன செப்டம்பரில், பருவத்தின் கடைசிப் போட்டியில், மெர்லின் நான்காவது தோட்டா வெடிக்கவில்லை. கிளிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. விதிப்படி அரை நிமிடம் காத்திருந்து, துப்பாக்கியின் பின்வாயை அடைக்கும் போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கி இறக்கி, மறுபடி விசையை இழுத்தான். வெடித்தது. ஆனால் அதற்குள் காற்று திரும்பிவிட்டது. குண்டு குறிப்பலகையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு போக, கோப்பையும் கூடவே போனது. படுத்துச் சுட்ட பாயிலிருந்து எழுந்தவன், சுற்றி நின்றவர்களிடம், "பிரைமர் மேல நின்னிருக்கு. ஆர்டிஸ் கை முன்ன மாதிரி இல்ல," என்றான்.

அதை யாரும் மறுக்கவில்லை. பிரைமர் என்பது சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஒரு உலோகக் கிண்ணம். உள்ளே தட்டினால் பற்றும் மருந்து. அதன் மேல் கால்கள் வைத்த ஒரு குட்டிப் பட்டடை. துப்பாக்கியின் ஊசி கிண்ணத்தை அடிக்கும்போது மருந்து பட்டடைக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் நசுங்கிப் பற்றுகிறது. அதற்குப் பட்டடையின் கால்கள் கூட்டுக் குழியின் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். சரியாகப் பதிக்காமல் கால்கள் அந்தரத்தில் தொங்கினால், ஊசியின் முதல் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். இரண்டாவது அடியில்தான் வெடிக்கும். ஆகவே இரண்டாவது அடியில் வெடித்தால் தோட்டா கட்டியவர் குற்றம். துப்பாக்கி சுடுவோர் சங்கத்தில் இதைக் கேள்வி கேட்ட ஆள் கிடையாது.

அன்று வீடு திரும்பியதும் ஆர்டிஸ் மீதமிருந்த முப்பது தோட்டாக்களையும் அளவியில் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு பிரைமரும் விளிம்புக்குக் கீழே, அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் நான்கு பங்கு. ஒன்றுகூட மேலே நிற்கவில்லை. ஆனால் தப்பான அந்த ஒன்று வெடித்துப் போய்விட்டதே, அதை எப்படி அளப்பது? கட்டைவிரலின் அடிமூட்டு இரண்டு வருடமாக வலித்ததும் பொய்யில்லை. மெர்ல் சொன்னதை நம்பினாள்.

அக்டோபரில் சங்க விருந்து. அந்த வருடத்தின் பெரிய மடத்தனத்துக்கு அங்கே ஒரு பலகை கொடுப்பார்கள். "கிளிக் பலகை" என்று பெயர். அந்த வருடம் சொதப்பிய தோட்டாவின் கூட்டைத் திருகாணி போட்டு அதில் பொருத்தியிருப்பார்கள். வாங்கியவர் அடுத்த விருந்து வரை சமையலறையில் மாட்டிவைக்க வேண்டும். ஆர்டிஸ் எழுந்து போய் அதை வாங்கிக்கொண்டாள். "மன்னிச்சுக்கோங்க, என் கைதான்," என்று கையைத் தூக்கிக் காட்டினாள். கூடமே சிரித்தது. மெர்லும் கைதட்டினான்.

குளிர்காலம் முழுக்க அவனுக்குத் தோட்டா கட்டித் தந்த நண்பன் அரிசோனாவுக்குக் குடிபோனதால்தான் இன்று அவளுக்கு இந்த மறுவாய்ப்பு.

வெண்டல் மூன்று கருவிகளை எடுத்து வைத்தான். வெடித்து முடிந்த பிரைமர்கள் ஒரு பிடியும் பக்கத்தில் கொட்டினான், பதித்துப் பார்க்க.

முதலாவது அவள் வீட்டில் வைத்திருக்கும் அதே வகை. நெம்புகோலைக் கட்டைவிரலால் மட்டும் அழுத்த வேண்டும். மூன்றாவது கூட்டிலேயே அடிமூட்டில் ஊசி குத்தியது. தள்ளி வைத்தாள்.

மெர்ல் மனதில் வைத்திருந்தது இரண்டாவதை. ஆழத்தைத் தீர்மானிக்க அதில் ஒரு சக்கரம். திருகி வைத்த இடத்தில் பிரைமரைத் தள்ளும் கம்பி நின்றுவிடும்; கைக்கு அங்கே வேலையே இல்லை. ஆர்டிஸ் ஐந்து கூடுகளில் பதித்து, விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"இது விளிம்புலேருந்து அளக்குது, வெண்டல். எல்லாக் கூட்டுக்கும் விளிம்பு ஒரே கனமா இருக்கா? இல்ல குழிதான் ஒரே ஆழமா இருக்கா? தரை எங்க இருக்குன்னு இந்தச் சக்கரத்துக்கு எப்படித் தெரியும்? கண்ணைக் கட்டிட்டு மாடிப்படியில பத்து எண்ணி இறங்கற மாதிரி இருக்கு."

"விக்கறவன் நான். நீங்க இப்படிச் சொன்னா நான் என்னத்தைச் சொல்லி விக்கறது?" என்றான் வெண்டல்.

மூன்றாவதை உள்ளங்கையில் வைத்து நான்கு விரல்களாலும் மூட வேண்டும், ஈரத்துணி பிழிவது போல. கட்டைவிரல் சும்மா சாய்ந்திருக்கும். முதல் கூட்டை வைத்து மூடினாள். பிரைமர் குழியின் வாயில் ஏறும்போது ஒரு இழுப்பு. பிறகு வழுக்கல். பிறகு, கால்கள் தரையைத் தொடும் இடத்தில், மிக மெல்லிய ஒரு தடை. அதன்பின் முடி அளவுக்கு ஒரு அழுத்தம், பட்டடை ஊன்றிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு பத்துக் கூடுகள் போட்டாள். பத்திலும் தரை தெரிந்தது. கை மறக்கவில்லையே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெண்டல் பார்த்துக்கொண்டிருந்தான். அளவியை எடுத்து அந்தப் பத்தையும் வைத்துப் பார்த்தான். பிறகு பேச்சுக்குக் கேட்பது போல, "மெர்ல் தோள் இப்ப எப்படி இருக்கு?" என்றான்.

"தோளுக்கு என்ன?"

"போல்ட்டைத் தூக்க முடியலன்னு ஆகஸ்ட்ல லேசான ஸ்பிரிங் வாங்கிட்டுப் போனாரே."

ஆர்டிஸ் பதினோராவது கூட்டைக் கீழே வைத்தாள். ஊசியைத் தள்ளுவது அந்த ஸ்பிரிங்தான். போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கும்போது அதைத்தான் அமுக்குகிறோம். லேசான ஸ்பிரிங் போட்டால் தூக்குவது சுலபம். ஆனால் ஊசியின் அடியும் லேசாகிவிடும். பிரைமர் எவ்வளவு ஒழுங்காக ஊன்றியிருந்தாலும் முதல் அடி போதாமல் போகலாம். இரண்டாவதில் வெடிக்கலாம்.

"இன்னும் அதுதான் உள்ள இருக்கா?" என்று கேட்டாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

"இல்லையே. செப்டம்பர் கடைசில வந்து பழைய கனத்தையே கேட்டு வாங்கிட்டாரு. லேசானதுல அடி பத்தலன்னாரு." சொல்லி முடித்த பிறகுதான் வெண்டலுக்கு உறைத்தது. அவனும் அந்த விருந்தில் இருந்தவன். சிரித்தவன். "ஆர்டிஸ், நான் ரெண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்ல," என்றான்.

செப்டம்பர் கடைசி. விருந்து அக்டோபரில். அவள் மேடையேறிக் கையைத் தூக்கிக் காட்டியபோது புது ஸ்பிரிங் துப்பாக்கிக்குள் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

மூன்றாவது கருவியையே வாங்கினாள். அதன் பெட்டியில் இரண்டு கம்பிகள் இருந்தன. சிறிய பிரைமருக்கு ஒன்று, பெரியதற்கு ஒன்று. மெர்லின் துப்பாக்கிக்குப் பெரியது. வயல் அணில் சுட அவள் வைத்திருக்கும் சின்னத் துப்பாக்கிக்குச் சிறியது. பெரிய கம்பியை மட்டும் தனியே எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் மெர்ல் மதியச் சாப்பாட்டில் இருந்தான். மான் கறியும் பீன்ஸும் போட்ட சில்லி, அவள் காலையில் வைத்துவிட்டுப் போனது. சக்கரம் உள்ளதைத்தானே வாங்கினாய் என்று தலை தூக்காமல் கேட்டான். ஆர்டிஸ் பெரிய கம்பியை அவன் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். சுவரிலிருந்து கிளிக் பலகையைக் கழற்றி அதையும் வைத்தாள்.

"வெண்டல் உன் தோளை விசாரிச்சான்," என்றாள்.

மெர்ல் மென்றுகொண்டிருந்ததை நிதானமாக விழுங்கினான். இல்லை என்று அவன் சொல்லவில்லை. அன்றைக்கு உறுதியாகத் தெரியாது என்றான். பிறகு தெரிந்தபோது பேச்சு ஊரெல்லாம் பரவிவிட்டதாம். அது வெறும் விளையாட்டுப் பலகைதானே என்றான். அவள் பலகையை அவன் பக்கமாகத் தள்ளவே, கரண்டியைப் போட்டான்.

"என்ன பண்ணச் சொல்ற? அத்தனை பேர் முன்னாடி எனக்கு போல்ட் தூக்க முடியலன்னு சொல்லணுமா?"

"என் கை போச்சுன்னு சொன்னியே."

"நீ சுடறவ இல்லயே, ஆர்டிஸ். உனக்கு என்ன நஷ்டம்?"

கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். "தோள் வலிக்குதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மருந்தை ஒரு சிட்டிகை குறைச்சுக் கட்டியிருப்பேன். சுட்டதும் கூடு ஒட்டாம வந்திருக்கும். போல்ட் சுலபமாத் தூக்கியிருக்கும். ஸ்பிரிங்கே மாத்த வேண்டியிருந்திருக்காது." கோட்டை ஆணியில் மாட்டினாள். "இனிமே உன்னோடதை நீயே கட்டிக்கோ. கம்பி அங்க இருக்கு."

நிலவறைக்கு இறங்கி, தன் மேசையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சிறிய கம்பியைப் பொருத்தி, சின்னக் கூடுகளை எடுத்தாள். இழுப்பு, வழுக்கல், தரை. ஒவ்வொன்றிலும் தரை தெரிந்தது. அவளுடைய மூட்டு வலிக்கத்தான் செய்தது. ஆனால் வலியும் உணர்வும் வேறு வேறு என்று அவளைவிட நன்றாக அறிந்தவர் யார்? முப்பது தோட்டாவையும் அளந்து பார்த்த அன்றே அளவி சொல்லியிருந்தது. அவன் சொன்னதை எடுத்துக்கொண்டு அளவியைப் பெட்டியில் போட்டு மூடியவள் அவள்தான். மெர்லின் பொய்யைவிட அது அதிகமாக எரிந்தது.

சாயங்காலம் மேலே வந்தாள். மெர்ல் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கோ போயிருந்தான். அவன் சாப்பிட்ட கிண்ணம், அவள் கழுவட்டும் என்று தொட்டியில் கிடந்தது. கிளிக் பலகை பழையபடி அதே ஆணியில், கோணல் இல்லாமல், ஒழுங்காக மாட்டப்பட்டிருந்தது.

அவள் மிச்சமிருந்த சில்லியைப் போட்டுச் சாப்பிட்டு, தன் கிண்ணத்தை மட்டும் கழுவிக் கவிழ்த்தாள்.