கரி

எல்ஸ்பெத் இறந்துபோன கணவன் ஹெக்டரின் கழுத்தில், சட்டைமேல் பூட்டும் தனிக் காலரை மாட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்த பழைய காலர். பொத்தான் எட்டவில்லை. தலைநகரில் இருந்த வருஷங்களில் அவருக்குக் கழுத்து பருத்திருந்தது.

கட்சிச் செயலாளர் பர்விஸ் கதவருகில் நின்றார். மாகாணத் தலைநகர் ரெஜைனாவிலிருந்து காலை ரயிலில் வந்தவர்.

"ரயில்ல தனிப் பெட்டி கொண்டுவந்திருக்கோம் மேடம். சட்டசபையில அஞ்சலிக்கு வச்சு, அந்த ஊர்லயே அடக்கம்."

"இங்கதான். ஆக்னெஸ் பக்கத்துல."

"யாரு ஆக்னெஸ்?"

"எங்க பொண்ணு. ஆறு வயசுல போயிட்டா."

பர்விஸ் தொப்பியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "ஹெக்டர் சொன்னதே இல்லையே."

"அப்ப சட்டசபை நடந்துட்டு இருந்துச்சு. அவரு அடக்கத்துக்கு வரல."

"பிப்ரவரியில யாரு மேடம் தோண்டுவா? மண்ணு உறைஞ்சு இரும்பு மாதிரி கெடக்கு. நாளை மத்தியானம் வரைக்கும் பெட்டி நிக்கும். அதுக்குள்ள குழி இல்லேன்னா நாங்க கொண்டுபோறோம்."

அவள் பொத்தானை விட்டுவிட்டு டையை இறுக்கி மறைத்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் உக்ரைன்காரர் வசில் பனியை ஒதுக்கினார். கரியைக் கொட்டித் தீ மூட்டி, மேலே தகரத்தைக் கவிழ்த்தார். ஹெக்டர் வெறும் வக்கீலாக இருந்த காலத்தில் வசிலுக்காக வாதாடியிருந்தார்.

"என் மாட்டு வழக்குல ஐயா பேசுன பேச்சுல ஜட்ஜே தூங்கிட்டார்மா. எதிர் வக்கீலும் தூங்கிட்டான். அதான் ஜெயிச்சோம்."

"எந்திரிச்சு இப்ப பேசச் சொல்லுங்க. மண்ணு இளகட்டும்."

வசில் சிரித்தார். பிறகு மாடு கறக்கப் போனார்.

எல்ஸ்பெத் ராத்திரி முழுக்க அங்கேயே இருந்தாள். தணல் மங்கியபோதெல்லாம் கரி போட்டாள். ஊரிலிருந்து யாரும் மேடேறி வரவில்லை. எல்லோரும் ரயில் நிலையத்தில்தான் மாலை வைக்கப்போவதாகப் பேச்சு.

மறுநாள் வசில் தகரத்தை இழுத்தார். பர்விஸ் கைக்கடிகாரத்தோடு நின்றார். முதல் குத்துக்குக் கடப்பாரை துள்ளியது. இடம் மாற்றிக் குத்தினார். ஒரு சாண் இறங்கியது.

"இறங்குது," என்றார் வசில்.

பர்விஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டு, தனியாகவே மேட்டிலிருந்து இறங்கினார்.

ரயில் ஊதியது. எல்ஸ்பெத் தலை நிமிரவில்லை. பக்கத்தில், சூடு பட்டுப் பனி சரிந்த இடத்தில், ஒரு சின்னக் கல்லறைக் கல்லின் தலை தெரிந்தது.

மிச்சமிருந்த தணல் கரியை அந்தப் பக்கமாகத் தள்ளினாள்.