லிஸ்பன் பிடில்

ஸ்டீரியோ செட்டின் மேல் எப்போதும் நிற்கும் அந்தோணியார் சுரூபம் அன்று காலையில் நாற்காலிக்கு இடம் மாறியிருந்தது. செட்டுக்கும் சுவருக்கும் நடுவே தலையை நுழைத்திருந்த பொஸ்தியாவின் பின்பக்கம் மட்டும்தான் ஹாலில் தெரிந்தது.

"மனுசா, சாயங்காலம் வாடோ முழுக்க இங்க வந்து நிக்கப்போவுது. அந்தோணியாரைப் பார்த்து மன்றாடுறதா, இல்ல இதைப் பார்த்தா?" என்று அவன் மனைவி செவெரின் துடைப்பத்தால் சுட்டிக்காட்டிக் கேட்டாள்.

"சும்மா இரு. சிவப்பு எது, வெள்ளை எதுன்னே தெரியல. ஒரே ஒட்டடை."

"ஒரு நாளாவது துடைக்க விட்டியா? கிட்ட போனாலே ஷாக் அடிக்கும்னு பயமுறுத்தி வச்சிருந்தே."

அவள் சொன்னது நியாயம்தான். கப்பலில் சலவை அறையில் வேலை பார்த்த காலத்தில் யோகோஹாமாவில் வாங்கி, பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் பொஸ்தியாவ் கொண்டுவந்த செட் அது. இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். சால்செத் பக்கம் அப்படியொரு செட் வேறு எவரிடமும் இல்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். ஆனால் அதன் கேசட் வாய், போட்டதையெல்லாம் மென்று துப்ப ஆரம்பித்துப் பல வருடம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு செவெரின் அதன்மேல் லேஸ் துணி விரித்து அந்தோணியாரைக் குடியேற்றிவிட்டாள்.

இன்றைக்கு அந்தச் செட் பாடியே ஆகவேண்டும். பாடாவிட்டால் பொஸ்தியாவின் மானம் கப்பலேறிவிடும்.

வாடோ என்கிற எங்கள் குடியிருப்பின் சிலுவைக்கு மே மாதத்தில் பாடும் மன்றாட்டு மாலை, வருடத்துக்கு ஒரு வீடு என்று முறைவைத்து வரும். இந்த வருடம் பொஸ்தியாவின் முறை. மன்றாட்டு என்றால் பிடில் வேண்டும். பிடில் என்றால் நாலு வீடு தள்ளியிருக்கும் திபூர்சிதான். அந்தத் திபூர்சி, பொஸ்தியாவின் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த முறையில் இருவரும் ஒருவரையொருவர் கும்பார் என்று கூப்பிட்டுக்கொள்கிறவர்கள். சாயங்காலமானால் ஒரே பெஞ்சில், ஒரே தட்டில் வறுத்த மீனைப் பிய்த்துத் தின்றவர்கள். ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் பொஸ்தியாவின் வாய். போன வருட மன்றாட்டில் திபூர்சி சுருதி சேர்க்க ஆரம்பித்தான். சேர்த்தான், சேர்த்தான், சேர்த்துக்கொண்டே இருந்தான். வேகவைத்த கடலை ஆறிக்கொண்டிருந்தது. பொறுக்கமாட்டாத பொஸ்தியாவ், "கும்பார், அது பிடிலா, இல்ல கதவுல வால் மாட்டின பூனையா?" என்று கேட்டுவிட்டான். மொத்தக் கூட்டமும் சிரித்தது. திபூர்சி மட்டும் சிரிக்கவில்லை. பிடிலைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, தனக்கு ஊற்றி வைத்திருந்த முந்திரிச் சாராயமான உராக்கைத் தொடாமலேயே எழுந்து போய்விட்டான். திபூர்சி நிரம்பிய கிளாஸை விட்டுவிட்டுப் போனதை வாடோவில் எவரும் அதற்கு முன் பார்த்ததில்லை. விஷயம் எவ்வளவு தூரம் போய்விட்டது என்று எல்லோருக்கும் அப்போதுதான் உறைத்தது.

பொஸ்தியாவ் மறுநாளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாகச் சாராயக்கடையில் உட்கார்ந்து வீறாப்பு பேசினான். "பிடிலுக்கா பஞ்சம்? லிஸ்பன்ல பதிவு பண்ணின மன்றாட்டே என்கிட்ட இருக்கு. என் ஸ்டீரியோல போடுறேன் பாரு, வானதூதருங்க வந்து வாசிச்ச மாதிரி இருக்கும்."

லிஸ்பனாவது மண்ணாவது. அவனிடம் இருந்தது சோப்புக்கட்டி அளவில் ஒரு பழைய பாட்டுப் பெட்டி. ஹெட்போன் மாட்டிக் கேட்பது. பதிவு செய்யவும் அதில் ஒரு பொத்தான் உண்டு. மகளுக்கு ஞானஸ்நானம் முடிந்த புதிதில், கப்பலுக்குத் திரும்புவதற்கு முந்தின சாயங்காலம், திவார் தீவில் மாமனார் வீட்டில் நடந்த மன்றாட்டை அதில் பிடித்து வைத்திருந்தான். பாடியது மாமனார் வீட்டுச் சொந்தங்கள். பிடில் வாசித்தது, அவன் கூட்டிப்போயிருந்த சாட்சாத் திபூர்சி.

ஆக, பிடில்காரனைக் கூப்பிடாமல் மன்றாட்டு நடத்த, அதே பிடில்காரனைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரப் பார்த்தான் மனிதன். பாடுகிறவர்கள் சத்தத்தில் பிடில் அமுங்கிவிடும், திவார்க்காரர்கள் குரல் இந்த வாடோவில் எவருக்கும் தெரியாது என்பது அவன் கணக்கு.

மட்காவ் கடையில் வாங்கிய ஒயரின் ஒரு முனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பின். மறுமுனையில் ஹெட்போன் ஓட்டைக்கான ஒற்றைப் பின். செட்டின் முதுகில் ஜோடி ஜோடியாக ஓட்டைகள். கைக்கு எட்டிய ஜோடியில் செருகி பொஸ்தியாவ் பொத்தானை அழுத்தினான்.

மட்காவ் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற வண்டியெல்லாம் ஒரே நேரத்தில் கியர் மாற்றியது போல ஹால் அதிர்ந்தது. நாய் ஜன்னல் வழியாகக் குதித்தது. சுவரில் இருந்த பல்லி பிடியை விட்டு அந்தோணியாரின் தலையில் விழுந்தது.

"அது இசைத்தட்டு மாட்டுற ஓட்டை! நானே படிச்சுச் சொல்றேன், நகரு" என்று செவெரின் துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். அவள் காட்டிய ஜோடியில் செருகியதும் ஸ்பீக்கரிலிருந்து ஒரு கூட்டம் கணீரென்று பாட ஆரம்பித்தது. செவெரினின் முகம் மாறியது.

"ஏய், இது எங்க அந்தோன் மாமா குரல் இல்ல? இதுதான் உன் லிஸ்பனா?"

"கத்தாத. வெளிய கேக்கும்."

"அப்ப பிடில் நம்ம திபூர்சி! அட வெக்கங்கெட்ட மனுசா! நாலு வீடுதான், நடந்து போயி 'தப்பா பேசிட்டேன் கும்பார்'னு ஒரு வார்த்தை சொன்னா உன் நாக்கு அழுகியா போயிடும்?"

"நானா? செத்தாலும் மாட்டேன்."

"எதுக்கும் சாகாத. அடக்கத்துக்கும் அவன்தான் பிடில் வாசிக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் கடலை வேகவைக்கப் போனாள்.

அப்போதுதான் அடுத்த தொல்லை தொடங்கியது. பெட்டியின் ஹெட்போன் ஓட்டை வருடக்கணக்கில் தேய்ந்து தளர்ந்திருந்தது. பின்னை விரலால் அழுத்திப் பிடித்தால் எல்லோரும் பாடினார்கள். விரலை எடுத்ததும் பின் கொஞ்சம் வெளியே நழுவியது. உடனே பாடினவர்கள் அத்தனை பேரும் கிணற்றுக்குள் போனதுபோல் மறைந்து, பிடில் மட்டும் தனியாக நின்று வாசித்தது.

இந்த விசித்திரம் பொஸ்தியாவுக்குப் புதிதல்ல. கப்பலில் ரேடியோ பார்க்கிறவன் விளக்கியிருக்கிறான்: பின் சரியாக உட்காராவிட்டால், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருகிற சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும், ஓரத்துச் சத்தம் மட்டும் மிஞ்சும். பாடினவர்கள் மைக்குக்கு நேர் எதிரே நின்றவர்கள். திபூர்சி ஓரமாகத் தள்ளி நின்றவன். விளக்கம் கேட்ட நாள் முதல் பொஸ்தியாவ் கப்பலில் வேண்டுமென்றேதான் பின்னைப் பாதி இழுத்து வைத்துக் கேட்பான். அதை அவன் எவரிடமும் சொன்னதில்லை.

இன்று அந்தப் பின் நழுவவே கூடாது. சுற்றுமுற்றும் பார்த்தவனின் கண்ணில் கோயிலில் மந்திரித்த மெழுகுவர்த்தி பட்டது. எங்கள் பக்கம் இடி இடித்தாலும் அதைத்தான் ஏற்றுவோம், மகனுக்குப் பரீட்சை என்றாலும் அதைத்தான் ஏற்றுவோம், படகு எஞ்சின் கிளம்பாவிட்டால் அதன்மேலும் ரெண்டு சொட்டு விடுவோம். பொஸ்தியாவ் மெழுகை உருக்கிப் பின்னைச் சுற்றிக் கொட்டினான். இறுகியதும் இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு, அந்தோணியாரைப் பழையபடி செட்டின் தலையில் நிறுத்தி, பெட்டியை அவர் காலடியில் வைத்தான்.

பழைய செட் ஓட ஓடத் தோசைக்கல்லாகச் சூடேறும் என்பது அவனுக்கு ஞாபகம் வரவில்லை. அந்தோணியாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் ஹால் நிறைந்துவிட்டது. மன்றாட்டைப் பாடி நடத்தும் கோயில் பாட்டு வாத்தியார் மெஸ்த்ரி லோரென்ஸ் முன்னால் நின்றார். முன்வரிசையில் எஸ்பெரான்ஸ், வாடோவில் அவள் காதுக்குத் தப்பி எதுவும் நடந்ததில்லை. எல்லோரும் உட்கார்ந்த பிறகு திபூர்சி உள்ளே வந்தான். கையில் பிடில் பெட்டி.

"பக்கத்து ஊர்ல ஒரு மன்றாட்டு. போற வழிதான். லிஸ்பன் பிடிலைக் கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்" என்று பொதுவாகக் கூரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான். பொஸ்தியாவ் அவன் பக்கம் பார்க்காமல் பாட்டுப் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றான். இருந்தாலும், ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த ஆள் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவனுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

பொத்தானை அழுத்தினான். திவார் கூட்டம் கம்பீரமாக எடுத்தது. மெஸ்த்ரியும் சேர்ந்துகொண்டார். ஒவ்வொரு வரிக்கும் ஹாலே சேர்ந்து "ஓரா ப்ரோ நோபிஸ்" என்று பதில் சொன்னது. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று அர்த்தம். அந்த லத்தீன் தூக்கத்திலும் எங்கள் வாயில் தானாக வரும்.

"நல்லாத்தான் இருக்கு உன் லிஸ்பன்" என்று எஸ்பெரான்ஸ் கிசுகிசுத்தாள். பொஸ்தியாவ் நெஞ்சை நிமிர்த்தினான்.

நிமிர்த்திய நெஞ்சோடு திரும்பியவன் பெட்டியைப் பார்த்தான். மெழுகு பளபளத்தது. ஒரு சொட்டு லேஸ் துணியில் இறங்கியது. ஒயரின் பாரத்தில் பின் மெல்லத் தலைசாய்த்தது.

அந்தோன் மாமா பாதி வரியில் காணாமல் போனார். அவரோடு திவார் தீவே காணாமல் போனது. பிடில் மட்டும் ஹால் முழுக்க நிறைந்தது. மெஸ்த்ரி திகைத்து வாயை மூட, அந்த இடைவெளியில் ஸ்பீக்கரிலிருந்து ஓர் இளம் குரல் தெளிவாக முணுமுணுத்தது:

"கும்பார், சுருக்கா முடிக்கச் சொல்லுடா. தொண்டை காயுது."

"ஓரா ப்ரோ நோபிஸ்" என்றது ஹால், பக்தியோடு.

"உன் மாமனார் பாட்டிலை எங்கயோ ஒளிச்சு வச்சிருக்காரு."

"ஓரா ப்ரோ நோபிஸ்" என்றவர்களில் பாதிப்பேர் அப்போதுதான் விழித்துக்கொண்டார்கள்.

"லிஸ்பன்லயும் நம்ம கொங்கணிதான் பேசுறாங்களா?" என்று எஸ்பெரான்ஸ் உரக்கவே கேட்டாள்.

பொஸ்தியாவ் பாய்ந்துபோய்ப் பின்னைப் பிடித்தான். சூடான மெழுகு விரலைச் சுட்டது. கையை உதறியதில் அந்தோணியார் ஆட்டம் கண்டார். ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு மறுகை விரலை வாயில் வைத்தபடி நின்றான்.

"அதுல கைய வைக்காத" என்றது கடைசி நாற்காலி.

திபூர்சி எழுந்து நடந்து வந்து ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றான். பிடில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஏறும் ஓர் இடத்தில் சுரம் சற்றே வழுக்கி, பிறகு சமாளித்துக்கொண்டது.

"இது நான்."

"இல்ல, அது வந்து, லிஸ்பன்ல ஒருத்தர்..." என்றான் பொஸ்தியாவ், விரலை வாயிலிருந்து எடுக்காமலே.

"டேய், அந்த இடத்துல விரல் வழுக்குறவன் உலகத்துல நான் ஒருத்தன்தான். எவ்வளவு நாளா வச்சிருக்க?"

"சும்மா கெடந்துச்சு. பழசு."

"பொய்!" என்றாள் செவெரின் சமையலறை வாசலிலிருந்து. "ஒவ்வொரு தடவை கப்பல்லேர்ந்து இறங்கும்போதும் அது சட்டைப் பையிலதான் இருக்கும். என் போட்டோகூட டிரங்குப் பெட்டிக்கு அடியிலதான் கெடக்கும்."

இனி ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை. பொஸ்தியாவ் அந்தோணியாரைக் கட்டிப்பிடித்தபடியே சொன்னான். "எல்லாக் கப்பல்லயும் கேட்டேன். ஆபீசருங்க சட்டைக்கு இஸ்திரி போடும்போது. பாடுறவங்களை எடுத்துட்டு உன்னை மட்டும் வச்சுக் கேப்பேன். ஊர் ஞாபகத்துல அழுகை வரும். வந்தாலும் நல்லா இருக்கும். நான் பேசினது தப்பு கும்பார். பேசின அன்னிக்கே தெரியும் தப்புன்னு."

"அப்ப பூனையைப் பையில போட்டுக்கிட்டுத்தான் உலகம் சுத்தியிருக்க" என்றான் திபூர்சி.

"பூனையைத்தான்."

திபூர்சி இன்னும் கொஞ்ச நேரம் கேட்டான். "இந்தப் பய நல்லாத்தான் வாசிக்கிறான். ஆனா ஒரே வீட்டுல ரெண்டு பூனை ஆகாது. அதை நிறுத்து." பிடில் பெட்டியின் பூட்டைத் திறந்தான்.

"உனக்குப் பக்கத்து ஊர்ல மன்றாட்டு இருக்கே?" என்றாள் எஸ்பெரான்ஸ்.

"எந்தப் பக்கத்து ஊரு?" என்றான் அவன்.

அதற்குள் பொஸ்தியாவ் ஒரு கிளாஸ் நிறைய உராக்கோடு வந்து நின்றான். மன்றாட்டு முடியாமல் கிளாஸைத் தொடக்கூடாது என்பது முறை. மெஸ்த்ரி லோரென்ஸ் புருவத்தை உயர்த்தினார்.

"இது இந்த வருசத்து கிளாஸ் இல்ல மெஸ்த்ரி. போன வருசத்துது" என்றான் பொஸ்தியாவ்.

மெஸ்த்ரி யோசித்துப் பார்த்துவிட்டு, தவறில்லை என்று தலையாட்டினார். திபூர்சி ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, பிடிலை மோவாயில் பொருத்தி, சுருதி சேர்க்க ஆரம்பித்தான்.

சேர்த்தான், சேர்த்தான், சேர்த்துக்கொண்டே இருந்தான். அடுப்படியில் கடலை ஆறியது. கடைசித் தந்தி, கதவுக்கும் நிலைக்கும் நடுவே மாட்டிக்கொண்டு அலறுவதுபோல் ஒரு நீண்ட கிறீச்சைக் கிளப்பியது. ஹால் முழுவதும் தலையைத் திருப்பிப் பொஸ்தியாவின் வாயைப் பார்த்தது. செவெரின் கரண்டியை ஓங்கிக்கொண்டு தயாராக நின்றாள்.

பொஸ்தியாவ் வாயைத் திறந்தான். கண்ணை மூடினான். கைகளைக் கூப்பினான்.

"ஓரா ப்ரோ நோபிஸ்" என்றான்.

முதலில் சிரித்தது திபூர்சிதான்.