தாழ்வாரத்தில் நின்றவன்

அம்சா பள்ளித் தாழ்வாரத்தைக் கூட்டி முடித்தபோது, கேளம்பாக்கம் கம்ப்யூட்டர் ஆபீசிலிருந்து வந்திருந்த ஸ்வாதி தன் போனை அவளிடம் நீட்டினாள்.

"அந்தப் பக்கம் பிடிங்க. சுனாமி அப்போ இங்க முகாம் இருந்துச்சுல்ல, அப்ப எடுத்த வீடியோ இந்த இடத்து மேலயே ஓடும்."

வீடியோ கேபிள் ரமேஷுடையது. ஐந்து வருடமாக அவன் பீரோவில் கிடந்த டேப்புகளை ஸ்வாதி வாங்கி, ஒவ்வொன்றும் எடுத்த இடத்திலேயே தெரியும்படி போனில் பொருத்தியிருந்தாள். மறுநாள் நினைவு நாள். ஊரே வந்து பார்க்கும்.

"டிவி பொட்டி இல்லாமலே என் சேனலு ஓடுது பாருக்கா," என்றான் கூட வந்திருந்த ரமேஷ். "இனிமே கேபிள் புட்டுக்கிச்சுன்னு என்ன வையாத."

அம்சா போனைத் தூக்கினாள். காலித் தாழ்வாரத்தில் ஆட்கள் தட்டோடு நின்றார்கள். கூட்டிய தரையில் சோறு சிந்தியிருந்தது. வரிசையில் வரதன் நின்றான்.

அவள் புருஷன். சுனாமியில் செத்தவன்.

இடுப்பில் யாருடைய பெண் குழந்தையோ இருந்தது. அவன் கேமராவைப் பார்த்தான். துண்டால் முகத்தை மறைத்தான். குழந்தை துண்டை இழுத்துவிட்டுச் சிரித்தது. படம் முதலிலிருந்து ஓடியது. மறுபடி மறைத்தான்.

"இது எப்ப எடுத்தது?"

"அலை வந்து நாலு நாள் இருக்கும். ஏன்க்கா?"

"இது எங்க வூட்டுக்காரரு."

ரமேஷ் போனை எட்டிப் பார்த்தான். "அப்ப நீ பொதச்சது யார?"

வரதனுக்கு மகாபலிபுரத்தில் ஒரு ஓட்டல் சமையற்கட்டில் வேலை. வேலைச் சட்டைகள் சலவையிலிருந்து ஒரே மூட்டையாக வரும். சட்டைப் பையில் பெயர் தைத்திருக்கும். யாரும் பார்ப்பதில்லை, கைக்கு வந்ததைப் போட்டுக்கொள்வார்கள். "இன்னிக்கு யாரு சட்டை?" என்று அம்சாவே அவனைக் கேட்டிருக்கிறாள். கரையில் கிடந்த உடலில் முகம் தெரியவில்லை. சட்டையில் வரதன் என்று இருந்தது. அவன்தான் என்று அவள் தலையாட்டினாள். இந்த ஊருக்கு வேலைக்கு வந்தது அதற்குப் பிறகு.

"மேடம், இத எடுத்துடுங்க. நாளைக்கு எம் பொண்ணு பூங்கொடி வருவா. அப்பா செத்துட்டார்னுதான் அவளுக்குத் தெரியும்."

"எடுத்துடலாம்," என்றாள் ஸ்வாதி.

ரமேஷ் தலையைச் சொறிந்தான். "அக்கா, அந்தக் கொழந்த சந்திரம்மாவோடது. ஜுரத்துல அடுத்த வாரமே போய்டுச்சு. அதுக்கு ஒரு போட்டோ கூட கெடையாது. நேத்து நான்தான் அவ கையில சொன்னேன், கொழந்த வீடியோல கீதுன்னு. மெட்ராஸ்லேர்ந்து வந்துகினு கீறா."

அம்சா இன்னொரு முறை பார்த்தாள். குழந்தை சிரிப்பதே துண்டை இழுத்தபின்தான்.

"அப்ப இருக்கட்டும்," என்றாள்.

காலையில் பூங்கொடிக்குப் பின்னல் போடும்போது சொன்னாள்.

"உங்கப்பா சாவல."

பூங்கொடி திரும்பவில்லை. "எங்க கீறாரு?"

"தெரியாது."

"நம்மளத் தேடுனாரா?"

"இல்ல."

பாதிப் பின்னலோடு அவள் எழுந்து உள்ளே போனாள். "நான் வரல. நீ போ."

பள்ளியில் சந்திரம்மா போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க கீதும்மா? ஒண்ணும் தெரியல."

அம்சா அவள் கையைப் பிடித்துத் திருப்பி, வரதன் நின்ற இடத்துக்கு நேராக வைத்தாள்.