பென்ஸுக்குள் பஞ்சு

சோமனூரில் தறி ஓட்டிவந்த திருமூர்த்தி, ஊட்டி எஸ்டேட்காரர் ஒருவரிடமிருந்து பழைய பென்ஸ் காரை வாங்கியது தொண்ணூற்றேழில். வீட்டில் கார் நிற்குமளவுக்குக் கூரையுள்ள இடம் தறி ஓடும் குடோன் ஒன்றுதான். காரை அதற்குள்ளேயே நிறுத்தினார். மூன்று மாதத்தில் ஏசி காற்று பெயருக்குத்தான் வந்தது. மனைவி பழனாத்தாள் காரில் ஏறினாலே தும்மினாள்.

"உனக்கு சைனஸ் புள்ள. டாக்டரைப் போய்ப் பாரு."

"ஊட்ல தும்மலீங்க, தறிக்குள்ளயும் தும்மலீங்க. உங்க காருல ஏறுனாத்தான் வருது. காரைக் கூட்டிட்டுப் போங்க டாக்டர்கிட்ட."

உக்கடத்தில் கார் ஏசி பட்டறை வைத்திருந்த அமீர் ஹம்சாவிடம் திருமூர்த்தி காரைக் கொண்டுபோனார். கேஸ் சரியாக இருந்தது, கம்ப்ரஸரும் ஓடியது. அமீர் ஹம்சாவுக்கும் இந்தக் கார் புதிது. மத்தியானம்வரை பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தவர், முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கண்டு கழற்றினார். உள்ளே இருந்த சட்டத்தை வெளியே இழுத்தார்.

"ஏனுங்கண்ணா, இதென்ன தலகாணிங்களா?"

வெளிக்காற்று அந்த பில்டர் வழியாகத்தான் காருக்குள் வரவேண்டும். மடிப்புக்கு மடிப்பு தறிப் பஞ்சு அடைத்திருந்தது. தட்டிப் பார்த்தார், மடித்த தாள் கிழிந்தே போனது.

"புதுசு பம்பாய்ல இருந்துதான் வரணுங்கண்ணா. அதுவரைக்கும் இல்லாமயே ஓட்டுங்க. ஆனா காத்தை மெதுவா வெச்சுக்கங்க. குழாய்க்குள்ள இன்னும் பஞ்சு கெடக்குது."

வெறும் சட்டத்தை டிக்கியில் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் முகூர்த்தப் பட்டு எடுக்க வேண்டியிருந்தது. மகள் கீதாவை அன்னூரில் கொடுப்பதாக நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஐயாசாமி பருத்தி விவசாயி. அவர் பேசுவதே அபூர்வம். அவர் மனைவி குழந்தையம்மாள் எதற்கும் "சரிங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அந்த அமைதி பழனாத்தாளைக் கலங்க வைத்தது. மகள் போய் வாழப்போகிற வீடாயிற்றே.

சம்பந்திகளை அன்னூரில் ஏற்றிக்கொண்டு கோவைக்குக் கிளம்பினார்கள். சித்திரை வெயில். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் ஐயாசாமி முன்சீட்டில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வேர்வை வழிந்தது.

"வேர்க்குதுங்களா?"

"பரவால்லீங்க."

பென்ஸில் சம்பந்தி வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் திருமூர்த்தியால் பொறுக்க முடியவில்லை. அமீர் ஹம்சா சொன்னதை மறந்து காற்றுக் குமிழைக் கடைசிவரை திருகினார்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். அடுத்த நொடி எல்லாத் துவாரங்களிலிருந்தும் பஞ்சு பறந்தது. ஐயாசாமியின் மீசை, புருவம், சட்டைப்பை எல்லாம் வெள்ளை. நாலு பேரும் மாறி மாறித் தும்மினார்கள். கோவில்பாளையம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் காரை நிறுத்தினார் திருமூர்த்தி.

கல்யாணமே நின்றுவிட்டதாகப் பழனாத்தாளுக்குத் தோன்றியது.

"தப்பா நெனச்சுக்காதீங்க..." என்று ஆரம்பித்தாள்.

குழந்தையம்மாள் எட்டிக் கணவர் முகத்தைப் பார்த்தார். தோள் குலுங்கியது. வாயைப் பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை.

"இவுருக்கு மீசை நரைச்சா எப்படி இருக்கும்னு பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசைங்க. மை போடறத விட்டாத்தானுங்களே!"

ஐயாசாமி மீசையிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து விரல்களுக்கிடையே திரித்துப் பார்த்தார். "நல்ல இழைங்க. எந்த ஊருப் பஞ்சு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரும் சிரித்தார். பழனாத்தாளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பட்டு எடுத்து முடித்த பிறகு, ஜவுளிக்கடையில் மெல்லிய மல்துணியைத் தடவிக்கொண்டு நின்றாள் பழனாத்தாள்.

"ஏனுங்க, இதை மடிச்சு அந்தச் சட்டத்துல தெச்சுப்போட்டா என்னங்க?"

"அது ஜெர்மன் காரு புள்ள."

"பஞ்சு சோமனூருதானுங்களே."

துணியோடு உக்கடம் போனார்கள். அமீர் ஹம்சா முதலில் தயங்கினார். பிறகு, "முயற்சி பண்ணிப் பாக்கலாங்க," என்று மாடியிலிருந்த தன் மனைவியின் தையல் மெஷினைக் காட்டினார். அவர் கீழே காற்று அடித்துக் குழாய்களைச் சுத்தம் செய்தபோது, மேலே சம்பந்தியம்மாக்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து துணிக்குக் கொசுவம் வைத்தார்கள். முதல் தடவை துணியை இரட்டையாக வைத்துவிட்டதால் காற்றே வரவில்லை. பிரித்து ஒற்றையாகத் தைத்தார்கள். "இன்னும் சின்னக் கொசுவமா வைங்க, நெறைய மடிப்பு வரும்," என்றார் குழந்தையம்மாள்.

சட்டம் கச்சிதமாக உட்கார்ந்தது. காற்று பின்சீட்டுவரை ஜில்லென்று வந்தது. பழனாத்தாள் மூக்கைத் தயாராக வைத்துக் காத்திருந்தாள். தும்மல் வரவில்லை.

"அப்பப்பக் கழட்டித் தொவைச்சுப் போடுங்கக்கா," என்றார் அமீர் ஹம்சா. "துணிதானுங்களே."

அன்னூர் திரும்பும்போது ஐயாசாமி முன்சீட்டில் குறட்டை விட்டார். குழந்தையம்மாள் கல்யாணச் சமையல்காரரில் தொடங்கி, தன் மாமியாரோடு போட்ட சண்டைக்குப் போய், கீதாவுக்கு எந்த அறையை ஒதுக்குவது என்பதுவரை நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்தார். ஏசியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று திருமூர்த்தி எதிர்பார்த்தார். ஒருவரும் சொல்லவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் மெதுவாக ஓட்டினார். பின்சீட்டுப் பேச்சு முடிவதற்குள் ஊர் வந்துவிடக் கூடாதே.