தராசுப் பாட்டுக்கு ஓர் இடம்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சேகூ ஊர்ச் சந்தையில் ஒரு பாட்டைச் சாகவிடமாட்டேன் என்று நின்றவளின் கதை சொல்கிறேன்.

சிதான் ட்ராவோரே, வெண்ணெய் எடுக்கிற ஷியா கொட்டை விற்கிறவள். கல்யாண வீடுகளில் பாடவும் செய்வாள். கொட்டை வாங்கும் சூமானா ஜாராவின் தராசு எப்போதும் அவன் பக்கமே சாய்வதைப் பார்த்து ஒரு பாட்டுக் கட்டினாள். பாட்டோ, வீடியோவோ எதையும் இலவசமாகப் போட்டுவைக்க இணையத்தில் ஓர் இடம் இருந்ததே, அங்கே அது கிடந்தது. சந்தையில் ஒரு கம்ப்யூட்டரோடு பெட்டிக்கடை வைத்திருக்கும் பக்காரி கூலிபாலி அங்கிருந்து இறக்கி, வருகிற பெண்களின் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுப்பான். தராசு முன்னால் நிற்கிறவள் எல்லாம் அதை முணுமுணுக்கத் தொடங்கியதும் சூமானாவின் எடை நேரானது.

அப்புறம்தான் அறிவிப்பு வந்தது. வருகிற திங்கட்கிழமையோடு அந்த இடத்தை மூடுகிறார்களாம். அப்புறம் புதிதாக யாருக்கும் பாட்டை ஏற்றித் தர முடியாது.

"வேற இடமே இல்லையாடா, பயறு தின்னி?" என்றாள் சிதான், கூலிபாலிகளைச் சீண்டும் வழக்கமான கேலியில்.

"இருக்குக்கா. ஒண்ணு மாசாமாசம் காசு கேக்குது. இன்னொண்ணு சும்மாதான், ஆனா உன் நம்பர்லருந்து உன் பிள்ளைங்க பேரு வரைக்கும் கேக்குது. அதையும் என்னைக்கு மூடுவானோ!"

"அப்ப உன் கம்ப்யூட்டர்லயே வச்சுக்க."

பக்காரி குரலைத் தாழ்த்தினான். "இந்தக் கடையே சூமானாவோடது. நெட்ல இருந்து வருது, நான் என்ன பண்ணன்னு இத்தனை நாள் தப்பிச்சேன். என் கம்ப்யூட்டருக்குள்ள இருந்தா நானே வச்சிருக்கேன்னு ஆயிடும். சாமானைத் தூக்கித் தெருவுல போட்டுருவான்."

எதிரே தராசுக்குப் பின்னால் இருந்து சூமானா கத்தினான்: "என்ன சிதான், பாட்டைப் புதைக்கக் கஃபன் துணி வாங்கிட்டியா?"

அவன் தராசு மறுபடி சாயப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை, சந்தை நிரம்பிய நேரம். பாட்டைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு, கொட்டை மூட்டையோடு நேரே தராசு முன்னால் போய் நின்றாள்.

"டேய் ஜாரா! என் அடிமையே! எஜமானி வந்திருக்கேன், எழுந்து நில்லு!"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ட்ராவோரே குலத்துக்கும் ஜாரா குலத்துக்கும் பாட்டன் காலத்துக் கேலி முறை. என்ன திட்டினாலும் கோபப்படக் கூடாது. நாலு பேர் முன்னால் கேட்டதை இல்லை என்று சொல்லவும் கூடாது.

"யாருடி அடிமை? உங்க பாட்டனை எங்க பாட்டன் ஒரு கூடை பயறுக்கு வாங்கினாரு! என்ன வேணும், சொல்லித் தொலை."

"உன் போன்ல இடம் வேணும். என் பாட்டு வீடில்லாம நிக்குது. முறைக்காரன் வீட்டுல தங்காம எங்க தங்கும்?"

சூமானாவின் சிரிப்பு செத்தது. "அது என்னைத் திட்டுற பாட்டு!"

"ஜாராவைத் திட்டாம ட்ராவோரே யாரைத் திட்டுவா? கோவமா? சொல்லு, எல்லாரும் கேக்கட்டும். முறை முறிஞ்சுதுன்னு உங்க ஆளுங்ககிட்டயே சொல்லிட்டுப் போறேன்."

சந்தையே அவன் வாயைப் பார்த்தது. அவன் போனை நீட்டினான், சுடுகிற சட்டியை நீட்டுகிறவன் மாதிரி.

பாட்டு ஏறியது. "இப்ப உன் கையாலயே பக்காரிக்கு அனுப்பு."

"அதுவுமா?"

"அதுவும்தான்."

அனுப்பினான். "கடைச் சொந்தக்காரனே குடுத்த பாட்டு, பக்காரி!" என்று சிதான் கூவினாள். "இனிமே உன்னை எவன் கேப்பான்?" அதற்குள் வரிசையில் இருந்தவர்கள் ஆளாளுக்குப் போனை நீட்டிக்கொண்டு பக்காரியை மொய்த்தார்கள்.

சிதான் தன் மூட்டையைத் தராசில் தூக்கி வைத்தாள். முள்ளைப் பார்த்தாள், அப்புறம் சூமானாவைப் பார்த்தாள்.

"ஒழுங்கா நிறு. இன்னும் ரெண்டு சரணம் கட்டி வச்சிருக்கேன்."

அவன் ஒழுங்காக நிறுத்தான்.

உங்கள் வீட்டில் பேசிச் சிரிக்கிற சத்தம் தெருமுனை வரை கேட்கட்டும், என் செல்லங்களே. அதை அடக்க வருகிறவனுக்கும் ஆண்டவன் சிரிப்பைக் கொடுக்கட்டும்.