துணியில்லாத தையல்

என் வீட்டுக்காரர் வீரபாண்டிக்கு அருப்புக்கோட்டை நூல் மில்லில் ராத்திரி வேலை. பகலில்தான் தூங்குவார். அவர் குடியிருந்த, தறிச் சத்தம் ஓயாத தெருவில் மனிதர் எப்படிக் கண்ணசருவார் என்று, எண்பத்தெட்டில் கல்யாணமான சூட்டோடு நச்சரித்து, ஊர்க்கடைசி வீடொன்றுக்குக் குடிமாற்றினேன். அங்கே காக்கா கத்தினால்கூடக் கல்லெடுத்துப் போவேன். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

வீடு மாறியதிலிருந்து அவருக்குத் தூக்கமே சரியில்லை. ஒருநாள் மில்லில் நின்றபடியே கண்ணயர்ந்து, மிஷினில் மாட்டவிருந்த விரல் மயிரிழையில் தப்பியது. டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

தூக்கம் ஒரே மட்டத்தில் நிற்காது என்றார் டாக்டர். முதலில் மேலாக அசரும், பிறகு ஆழத்துக்கு இறங்கும், உடம்பு தேறுவது அங்கேதான், அப்புறம் மேலே வந்து கனவு காணும், திரும்ப இறங்கும். மேலே வரும்போது காது சற்று விழித்துக்கொள்ளுமாம். பழகிய சத்தம் கேட்டால் மறுபடி இறங்கிவிடுமாம்.

மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் கால் வெட்டி இழுத்தது. பிறகு மூச்சு சீராகி, கை துவண்டது. வெகுநேரம் கழித்து மூடிய இமைக்குள் கருவிழி ஓடியது. பச்சைப்பிள்ளை தூக்கத்தில் சிணுங்கினால் சொல்வதுபோல, இவரையும் நரி விரட்டுகிறது என்று சிரித்துக்கொண்டேன். சற்று நேரத்தில் திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தார்.

"மிஷினு நின்னுருச்சா?"

மில்லில் சத்தம் நின்றால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். இவரை எழுப்பியது நான் தேடிப் பிடித்த அமைதிதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

படுக்கச் சொல்லிவிட்டு, என் தையல் மிஷினை மிதித்தேன். தைக்கத் துணி ஏதும் இல்லை. வெறுமனே கடகடவென்று ஓடவிட்டேன். அவருக்குக் கண் சொருகியது. நிறுத்தினால் இமை அசைந்தது; அதனால் நிறுத்தவில்லை. நரி வந்தது, போனது. இவர் எழவில்லை. வெயில் தாழும்வரை மிதித்தேன்.

எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது. நாலு ரவிக்கை தைத்தேன் என்று அளந்துவிட்டேன். அவர் தரையில் உட்கார்ந்து, என் கால்களை மடியில் இழுத்து வைத்துப் பிடித்துவிட்டார்.

"துணியில்லாம ஓடுற சத்தம் எனக்குத் தெரியாதா? தூக்கத்துலயே கேட்டுச்சு. கால் வலிக்கும், நிறுத்துன்னு சொல்லணும்னுதான் நெனச்சேன், ஈஸ்வரி. அதுக்குள்ள தூங்கிட்டேன்."