பொட்டு வைத்த எலி

மலேசியாவின் காப்பாரில் செம்பனைத் தோப்புக்கும் கன்னையாவின் கிழங்குத் தோட்டத்துக்கும் நடுவே ஒரு புதர்க்காடு. "எலியெல்லாம் அங்கேருந்துதான் வருது. புல்டோசர் விட்டு வழிச்சிடப் போறேன்லா" என்று ஒற்றைக் காலில் நின்றார் கன்னையா.

மூஞ்சூறும் ஆந்தையும் குடியிருக்கும் புதர் அது. அதைக் காப்பாற்றியே தீருவது என்று வசுந்தராவுக்கு வைராக்கியம். "மூணு வாரம் குடுங்க அங்கிள். வருதா இல்லையான்னு காட்டுறேன்."

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பெண். எலி, மூஞ்சூறு எங்கிருந்து எங்கே போகிறது என்பதுதான் பல்கலைக்கழகத்தில் அவள் ஆராய்ச்சி. புதரில் கூண்டு வைத்தாள். சிக்கிய அறுபது எலிகளின் நெற்றியிலும் சிவப்புச் சாயம் தொட்டு அங்கேயே விட்டாள். தோட்டத்துக் கூண்டுகள் அங்கே வேலை பார்க்கும் பவுனம்மாளின் பொறுப்பு. காலையில் அவர் எலிகளைக் கொன்று ஐஸ் பெட்டியில் போட்டு வைப்பார். வசுந்தரா வந்து ஒவ்வொரு தலையாகப் பார்ப்பாள்.

மூன்று வாரமும் ஒரு தலையில்கூடச் சிவப்பு இல்லை. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அறிக்கையில் பெரிதாகப் பூஜ்யம் போட்டாள்.

"அக்கா, சிவப்பு வச்சது ஒண்ணுகூட இந்தப் பக்கம் வரல, பாத்தீங்களா?"

"யாரு சொன்னா? பதினோரு தடவ வந்துச்சேம்மா."

"பெட்டியில இல்லையே!"

"யாரோ பொட்டு வச்சுப் பிள்ளையாருக்கு நேர்ந்து விட்டுருக்காங்க. அத எப்படிக் கொல்றது? புதர்லயே கொண்டு போயி விட்டுட்டேன்."

வசுந்தராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாயம் எதற்கென்று இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! இத்தனை படித்து என்ன பிரயோசனம்? வாயைத் திறக்காவிட்டால் புதர் பிழைக்கும். அந்த நினைப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. பூஜ்யத்தை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதிக் கன்னையாவிடம் நீட்டினாள்.

"பதினோரு எலி! நான் சொன்னேன்ல?" என்றார் அவர்.

"பதினொண்ணு இல்ல பாஸ், ஒரே எலி" என்றார் பவுனம்மாள். "பாதி வால் இல்லாதது. விட விட வருது. கிழங்கு மேல அவ்வளோ ஆசை."

"அப்ப மத்ததெல்லாம்?"

"உங்க தோட்டத்துலயே பொறந்து வளந்தது, அங்கிள்" என்றாள் வசுந்தரா. குரலில் சந்தோஷம் வழிந்தது.

கன்னையா முணுமுணுத்தபடி போனை எடுத்து, புல்டோசர் வேண்டாம் என்று சொன்னார். "அந்த ஒண்ண மட்டும் கொன்னுடு பவுனம்மா."

"சாமி எலிய நான் தொட மாட்டேன்."

"அக்கா, அந்தப் பொட்டு நான் வச்சது!"

"யாரு வச்சா என்னம்மா?" என்றார் பவுனம்மாள். "பொட்டு பொட்டுதானே."